உரையும் ஆக்கமே

கணினித் துறையில் புழங்கும் நம் இளைஞர்களிடையே ஓர் அபிப்பிராயம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை யாரும் மேடையேறி வாதித்து நிலைநாட்டவில்லை. ஆயினும், வாதித்து நிலைநாட்டிய சித்தாந்தங்களைக் காட்டிலும் உறுதியாக அது எல்லார் மனத்திலும் குடிகொண்டுவிட்டது. நிரல் எழுதுபவனே படைப்பாளி. அந்த நிரலை எவ்வாறு இயக்குவது, எந்த இடத்தில் தவறு நேரும், நேர்ந்தால் என்ன செய்வது என்று விளக்கி எழுதுபவன், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் நிற்கும் ஏவலாள் என்பதே அந்த அபிப்பிராயம். கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்குத் தன்னால் இயன்றதைச் செய்யவேண்டுமென்ற ஆர்வத்தோடு வரும் மாணவனைப் பார்த்து, "நிரல் எழுத வராதென்றால் ஆவணப் பக்கம் போ" என்று மூத்தவர்கள் சொல்லும்போது, சொல்லும் தொனியிலேயே அந்த இடம் தாழ்ந்த இடம் என்பது அவனுக்கு விளங்கிவிடுகிறது. இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதும், நம் போன்ற ஊர்களில் இருப்போருக்கு அது பெருங்கேடு விளைப்பது என்பதும் என் கட்சி.

எனக்கு இந்த விஷயத்தில் சிரத்தை உண்டானது ஒரு சிறு நிகழ்ச்சியால். கங்கைகொண்டானில் எங்கள் வீட்டுத் திண்ணையில், பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கையின் பேரன் ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு மூன்று நாள் மாலையும் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். ஃப்ளைட்கியர் என்னும் விமானப் பாவனை மென்பொருளை, கைபேசியின் இணைப்பில் இரவெல்லாம் காத்திருந்து இறக்கி வைத்திருந்தான். திரையில் செஸ்னா 172 என்னும் சிறிய விமானம் ஓடுபாதையில் நின்றது. அதன் முகப்பு விசிறி சுழன்றது. எஞ்சின் சத்தமும் கேட்டது. "எஞ்சின் ஓடுது தாத்தா, ஆனா வண்டி நவுரவே மாட்டேங்கு" என்றான். மென்பொருளே கோளாறு என்று முடிவு கட்டி, அதை நீக்கிவிடும் நிலைக்கு வந்திருந்தான்.

விமானத்தைப் பற்றி நான் ஏதும் அறியேன். ஆனால் அதனுடன் வரும் ஆங்கிலக் கையேட்டைத் திறந்து, நாற்பது ஆண்டுகள் அலுவலகக் கோப்புகளைப் படித்த பழக்கத்தால், வரி தப்பாமல் படித்தேன். நிறுத்துப் பிரேக் என்று ஒன்று இருப்பதும், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'பி' என்ற எழுத்தைத் தட்டினால் அது விடுபடும் என்பதும் விசைகளின் அட்டவணையில் ஒற்றை வரியாக இருந்தன. தட்டினோம், விமானம் உருண்டது. அன்றிரவே ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, காந்தமின் சாவியை எத்தனை படி திருப்புவது, எரிபொருட்கலவையை எப்போது செறிவாக்குவது, விசையைத் தட்டும் முன் எந்த முள்ளைப் பார்ப்பது என்று, நாங்கள் செய்த வரிசையிலேயே தமிழில் எழுதி வைத்தேன். பையன் அந்த நோட்டைத் தன் கல்லூரிக்கு எடுத்துப் போனான். அங்கே மூத்த மாணவர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு காண்ட்ரிபியூஷனா தம்பி? கோடு எழுதிப் பழகு" என்றாராம். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரெல்லாம் நம்புவதை அவரும் சொன்னார். ஆகவே என் மறுப்பு அவருக்கன்று. அவர் வாயில் வந்த பொதுநம்பிக்கைக்கு.

முதலில் அந்த மென்பொருள் எத்தகையது என்று சொல்லிவிட வேண்டும். 1996-ஆம் ஆண்டில் டேவிட் மர் என்பவர், விலைக்கு விற்கும் விமானப் பாவனைகள் உள்ளே என்ன நடக்கிறதென்று காட்டாமல் மூடிவைக்கப்பட்டிருப்பது கண்டு, தொண்டர்கள் கூடித் திறந்த முறையில் ஒன்றைச் செய்யலாமே என்று முன்மொழிந்தார். கர்ட் ஓல்சன் முதலியோர் அதை ஏற்று நடத்த, 1997-இல் முதல் வெளியீடு வந்தது. விமானம் காற்றில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணிக்கும் ஆதிப்பகுதி, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் எழுதப்பட்ட நிரலிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் காணும் மலையும் பள்ளமும், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ராடார்க் கதிரால் அளந்த உயரக் கணக்கைக்கொண்டு எழுப்பப்பட்டவை. அதனால்தான் நம் பொதிகை மலையும் அந்தத் திரையில் மேற்கே எழுந்து நிற்கிறது. குனு பொது உரிமத்தின்கீழ் வெளிவருவதால், எவரும் அதை எடுத்து ஆளலாம், திருத்தலாம், பகிரலாம். 1.0 என்னும் எண்ணை அது அடைந்தது 2007 டிசம்பரில். அதாவது முதல் வெளியீட்டுக்குப் பத்தாண்டு கழித்து. அந்தப் பத்தாண்டும், அதற்குப் பின் இன்றளவும், அதைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் சம்பளம் வாங்காத கைகள். அதன் கையேட்டை மைக்கேல் பாஸ்லர், மார்ட்டின் ஸ்பாட், ஸ்டூவர்ட் புக்கனன் போன்றோர் ஆண்டுக்கணக்கில் எழுதியும் புதுக்கியும் வந்தனர். என் தங்கை பேரனின் விமானத்தை அன்று நகர்த்தியது அவர்களுடைய ஒற்றை வரிதான்.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களை, அவற்றின் வலுக் குறையாமலே எடுத்துரைக்கிறேன். நிரலில்லாமல் விளக்கத்துக்கு விஷயமே இல்லை; ஆகவே நிரலே முதல், விளக்கம் சார்பு என்பது ஒன்று. மென்பொருள் மாறிக்கொண்டே இருப்பதால் எழுதிய விளக்கம் ஆண்டு திரும்புமுன் பழசாகிவிடும். அது வீண் பிரயாசை என்பது இரண்டு. கணினியைத் தொடுபவனுக்கு ஆங்கிலம் தெரிந்தே இருக்கும்; தமிழில் எழுதுவது வெறும் மொழிப்பற்று என்பது மூன்று. ஊதியமில்லாமல் உழைக்கச் சொல்வது ஏழைப் பிள்ளைகளைச் சுரண்டுவதே என்பது நான்கு. இவற்றுள் நான்காவதில் மெய் கணிசமாக உண்டு. முதலாவதில் மெய்போன்ற தோற்றம் உண்டு. மற்ற இரண்டிலும் மெய் இருப்பதாக எனக்குப் படவில்லை.

நிரலே முதல் என்னும் வாதத்தைப் பார்ப்போம். பிரேக்கை விடுவித்த மறுநாள் பையன் வேறொரு புகாரோடு வந்தான். வேகம் எடுத்ததும் விமானம் தானாகவே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்தரையில் இறங்கிவிடுகிறது. நிரலில் பிழை என்றான். புதிதாக இந்த மென்பொருளைத் தொடும் அனேகர் இதையேதான் பிழையென்று நினைக்கிறார்கள். ஆனால் அது பிழையன்று. ஒற்றை எஞ்சின் விமானத்தில், விமானியின் இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் விசிறிக்கு எதிர்வினையாக விமானத்தின் உடல் இடப்பக்கம் சாய முயல்கிறது. விசிறி பின்னுக்குத் தள்ளும் காற்றும் நேரே போகாமல் முறுக்கிக்கொண்டு சென்று வாலின் இடப்புறத்தில் மோதுகிறது. இரண்டும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் திருப்புகின்றன. மெய்யான செஸ்னாவை ஓட்டும் விமானி இதை அறிந்து வலக்கால் மிதியை அழுத்திச் சுக்கானைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறார். நிரலை எழுதியவர்கள் இந்த இயற்கையை அவ்வளவு உண்மையாகப் பாவித்திருந்தார்கள்; அந்த உண்மைதான் என் வீட்டுத் திண்ணையில் பிழையாகக் காட்சியளித்தது.

இதை நன்றாகச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். பத்து அறிஞர் கூடி, பௌதிக சாஸ்திரத்தைத் துல்லியமாகக் கணித்து, ஒரு மென்பொருளில் ஏற்றி வைக்கிறார்கள். விளக்கம் இல்லாத இடத்தில் அவர்களுடைய சாமர்த்தியம் முழுவதும் குறையாகவே விளங்குகிறது. மூன்று வரி விளக்கம் சேர்ந்தவுடன் அதே குறை குணமாகிவிடுகிறது. நிரலில் ஓரெழுத்துகூட மாறவில்லை. மாறியது அறிவு. அப்படியானால், அந்த மென்பொருளின் குணம் என்று நாம் சொல்வது நிரலில் மட்டும் குடியிருக்கவில்லை. நிரலும் விளக்கமும் ஒரு மனிதனின் மனத்தில் கூடும் இடத்தில்தான் அது பிறக்கிறது. பாதியைச் செய்தவனை ஆக்கியோன் என்றும், மறுபாதியைச் செய்தவனை ஏவலாள் என்றும் பிரிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஆகாய விமானத்தின் சரித்திரமே இதற்கு மறுக்கமுடியாத சாட்சி கூறுகிறது. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ரைட் விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தாரின் 299-ஆம் மாதிரி என்ற நான்கு எஞ்சின் விமானத்தைப் படையினர் ஓட்டிச் சோதித்தார்கள். அக்காலத்தில் அதற்கு நிகரான விமானம் இல்லை. ஓட்டியவரும் தேர்ந்த விமானி. மேலெழும்பிய சிறிது நேரத்தில் அது நிலைகுலைந்து விழுந்து எரிந்தது, இருவர் மாண்டனர். யந்திரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றடித்து வால்தட்டுகள் ஆடாதபடி பூட்டி வைக்கும் பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள். அதன்பின் படைவிமானிகள் யந்திரத்தை மாற்றக் கோரவில்லை. புறப்படுமுன், ஏறியபின், இறங்குமுன் பார்க்கவேண்டியவை இவை இவையென்று ஒரு சிறு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார்கள். சோதனைப் பட்டியல் என்று இன்று உலகெங்கும் வழங்குவது அவ்வாறு வந்ததே. அந்த விமானத்தின் வழியில் வந்த பி-17 ரகம் 12,000-க்கு மேல் செய்யப்பட்டது. அந்த விமானத்தைப் பறக்கத் தகுதியுள்ளதாக ஆக்கியதில் பொறியியலாளருக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் காகிதத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இன்றும் விமானத்துக்குரிய கையேடு விமானத்தின் ஓர் உறுப்பாகவே கருதப்படுகிறது. மெய்யான விமானத்துக்கே இதுதான் முறையென்றால், அதன் பாவனைக்கு மட்டும் கையேடு எப்படி இரண்டாந்தரமாகும்?

நம் முன்னோர் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையரை, இந்தப் பொருநையாகிய தாமிரவருணிப் பாய்ச்சலின் கடைமடையோடு சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு. நூல் செய்தவர் வேறொருவர் என்பதற்காக அவரை யாரேனும் ஏவலாள் என்றார்களா? உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது மூலத்தை மட்டும் தரவில்லை. நச்சினார்க்கினியர் உரையோடு சேர்த்தே தந்தார். 'உரையாசிரியர்' என்று, ஆசிரியர் என்ற பட்டத்தைச் சேர்த்தே நாம் அவர்களை வழங்கிவருகிறோம். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். கங்கைகொண்டான் என்பது இராசேந்திர சோழனின் விருதுப்பெயர். அவன் படை வடக்கே சென்று வென்ற நாடுகள் எவையென்று நமக்கு இன்று தெரிவது, போளூருக்கு அருகே திருமலையில் உள்ள கல்வெட்டும் திருவாலங்காட்டுச் செப்பேடும் இருப்பதால். வாள் பிடித்த கை செய்ததை உளி பிடித்த கை எழுதி வைத்திராவிட்டால், இவ்வூரின் பெயருக்கு நாம் பொருள் சொல்ல வழியில்லை.

நிரல் எழுதியவரே விளக்கத்தையும் எழுதிவிடட்டுமே, அவருக்குத்தானே முழுவதும் தெரியும் என்று சிலர் கேட்பதுண்டு. முழுவதும் தெரிந்திருப்பதே அதற்குத் தடை. பத்தாண்டாக அந்த விமானத்தோடு வாழ்பவர் கண்ணுக்கு நிறுத்துப் பிரேக் படுவதே இல்லை. அவர் விரல் தானாக அதை விடுவித்துவிடுகிறது. எது தெரியாமல் திகைத்தோம் என்ற நினைவு, கற்றுக்கொண்ட சில வாரங்களுக்கு மட்டுமே ஒருவனிடம் பசுமையாக இருக்கிறது. பிறகு எவ்வளவு முயன்றாலும் திரும்ப வராது. ஆகையால் புதிதாகக் கற்பவன் அந்தச் சில வாரங்களில் எழுதிவைப்பது, மகா நிபுணராலும் எழுத முடியாத ஒன்று. அதுமட்டுமன்று. 'இந்த விசையை அழுத்தினால் இது நடக்கும்' என்று எழுதி, எழுதியபடி செய்து பார்க்கும்போது அது நடக்கவில்லையானால், அங்கேதான் மெய்யான பிழை பிடிபடுகிறது. விளக்கம் எழுதுபவனே நிரலின் முதற் பரீட்சகன்.

எழுதியது பழசாகிவிடும் என்ற இரண்டாவது ஆட்சேபத்தைத் தாமிரவருணிக் கரையில் ஒருவர் சொல்லக் கேட்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. மருதூர் அணையிலிருந்தும் சுத்தமல்லி அணையிலிருந்தும் பிரியும் கால்வாய்கள் ஆண்டுதோறும் மண்ணும் அமலையும் அடைத்துத் தூர்ந்துபோகின்றன. ஆண்டுதோறும் தூர் வாரினால்தான் காருக்கும் பிசானத்துக்கும் தண்ணீர் கடைமடை போய்ச் சேரும். தூர்ந்துபோகும் என்பதற்காகக் கால்வாய் வெட்டுவது வீண் வேலை என்று நம் பாட்டன்மார் சொல்லியிருந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நெல்மணி விளைந்திராது. அவர்கள் கண்ட வழி குடிமராமத்து. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தன் பங்கு நீளத்தை வாருவது. அடுத்த ஆண்டு மறுபடியும் வருவது. கையேடும் அப்படிப்பட்டதே. பழசாவது அதன் குற்றமன்று. ஒரே ஆள் தலையில் அதைச் சுமத்திவிட்டு ஊரார் ஒதுங்கிக்கொள்வதுதான் குற்றம்.

அண்மையிலேயே இதற்குப் பிரத்தியட்சமான உதாரணம் கிடைத்திருக்கிறது. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை, ஏறத்தாழ 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டப்பட்டது. புதிய முனையக் கட்டடம் 2025 ஜூலை 26-ஆம் நாள் திறக்கப்பட்டது. முன்பு சிறிய விசிறி விமானங்களே இறங்கிய இடம் இப்போது பெரிய ஜெட் விமானங்களுக்கும் உரியதாகிவிட்டது. பாவனை மென்பொருளுக்கு இது எப்படித் தெரியும்? உலகத்து விமான நிலையங்களின் விவரம் வெறும் எழுத்துக்கோப்பாக அதில் இருக்கிறது. ஓடுபாதை ஒன்றுக்கு ஒரு வரி. தொடக்கத்தில் 100 என்ற குறியெண்; அதன்பின் அகலம், தளத்தின் வகை, விளக்கின் வகை; அதன்பின் இரண்டு முனைகளுக்கும் உரிய எண்ணும் அட்சரேகையும் தீர்க்கரேகையும். தூத்துக்குடிக்கு அந்த எண்கள் 10-உம் 28-உம். திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்து வருபவை. 28-இல் புறப்படுபவன் மேற்கே பொதிகையை நோக்கிப் பறக்கிறான். பாதை நீண்டால் அந்த வரியில் முனைகளின் இலக்கங்களை மாற்றவேண்டும். அந்த இலக்கத்தை மாற்ற நிரல் ஞானம் வேண்டாம். அளந்து சரிபார்க்கும் நாணயம் வேண்டும், பாதை நீண்டதென்ற செய்தி தெரியவேண்டும். ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் நிபுணர் வாகைக்குளத்தைப் பார்த்ததில்லை. நாம் தூத்துக்குடிக்கு அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறோம்.

தமிழில் எதற்கு என்னும் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வானொலியில் விமானியும் கட்டுப்பாட்டாளரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான், அவ்வாறு இருப்பதே பத்திரமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஃப்ளாப், காக்பிட் போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள்வதிலும் எனக்குத் தடையில்லை. தமிழ்க் கையேடு என்பது புதுச்சொல் கோவை அன்று. நான் கேட்பது வேறு. விசிறி ஏன் விமானத்தை இடப்பக்கம் இழுக்கிறது என்பதற்கான காரணத்தை ஒரு பையன் எந்த மொழியில் சிந்தித்து அறியவேண்டும்? பெயர்களை அன்னிய மொழியில் மனப்பாடம் செய்யலாம். காரணத்தைத் தன் மொழியில்தான் உணரமுடியும். ஆங்கிலம் தெரிந்தவன் என்று நீங்கள் சொல்லும் பாலிடெக்னிக் மாணவன் மூன்று மாலைகள் ஒற்றை வரியைக் கடந்துபோனான் என்பதை நான் கண்ணால் கண்டேன். அவன் அந்த வரியைப் படிக்கத் தெரியாதவன் அல்லன். இத்தனை பக்கங்களுள் தனக்கு வேண்டிய வரி அதுவென்று இனங்காணும் சரளம் அவனுக்கு அந்த மொழியில் இல்லை.

இதற்கு முன்னோடி வேண்டுமானால் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பொருநையின் கீழ்ப்பாய்ச்சலில் உள்ள பெருங்குளத்தில் 1891-இல் பிறந்த பெ. நா. அப்புசாமி, தொழிலால் வழக்கறிஞர், விஞ்ஞானி அல்லர். ஆயினும் விஞ்ஞான விஷயங்களைத் தமிழில், படித்தவன் மறுமுறை படிக்கும்படியாக, பல பத்தாண்டுகள் எழுதிவந்தார். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் என்ற பெயரில், பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றிக் கூடி, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. 2012-இல் தொடங்கிய கணியம் என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்குவதையே தன் நோக்கமாகக் கொண்டது. இவர்களெல்லாரும் செய்தது விளக்கியும் தொகுத்தும் எழுதும் வேலைதான். இன்று தமிழ் கணினியில் நடமாடுகிறதென்றால் அந்த வேலைக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

நான்காவது ஆட்சேபத்தை நான் மரியாதையோடு அணுகுகிறேன். கூலியில்லா வேலை என்ற சொல்லுக்கு நம் நாட்டில் கசப்பான சரித்திரம் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்று வருவதும் கட்டாய உழைப்பே. ஃப்ளைட்கியரை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி, தாங்களே செய்ததுபோல் விளம்பரம் செய்து, விலைக்கு விற்றவர்களும் உண்டு. ஏதோ ஒரு நிறுவனம் தன் லாபத்துக்காகச் செய்யவேண்டிய வேலையை 'அனுபவம் கிடைக்கும்' என்று ஆசைகாட்டி மாணவர் தலையில் கட்டுமானால், அதை எதிர்ப்பவர்களோடு நானும் நிற்பேன்.

ஆனால் வெட்டிக்கும் குடிமராமத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. வெட்டியில் விளைந்தது மேலிருப்பவனுக்குப் போயிற்று. குடிமராமத்தில் வாரிய கால்வாயின் தண்ணீர் வாரியவன் வயலுக்கும் வந்தது. குனு பொது உரிமம் செய்வது இந்த இரண்டாவது ஏற்பாடு. விற்பதை அது தடுக்கவில்லை. ஆனால் யார் விற்றாலும் மூலநிரலையும் அதே உரிமைகளையும் பெறுபவனுக்குக் கொடுத்தாக வேண்டும். பொதுவில் இருப்பதை ஒருவரும் வேலியிட்டுக்கொள்ள முடியாது. பொருளாதார நோக்கில் பார்த்தாலும், நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காகும் செலவை நினைத்தே எத்தனையோ பிள்ளைகள் அந்த ஆசையைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிடுகிறார்கள். வீட்டுக் கணினிப் பாவனையில் பறந்தது அந்தக் கணக்கில் சேராது. எனினும் கருவிகளின் முள்ளைப் படிக்கவும், ஒழுங்காகப் பட்டியல் பார்க்கவும், காற்றின் இயல்பை உணரவும் ஒரு காசு செலவில்லாமல் கற்றுக்கொடுக்கும் ஆசான் அது. அந்த ஆசானைத் தமிழ் பேசச் செய்பவன் யாருக்கும் அடிமை வேலை செய்யவில்லை. தன் தம்பிக்கும் தங்கைக்கும் வாய்க்கால் வெட்டுகிறான். இந்த மென்பொருளை விளையாட்டுப் பண்டம் என்று தள்ளுவோருக்கும் ஒன்று சொல்வேன். பல்கலைக்கழகங்களிலும் ஆளில்லா விமான ஆராய்ச்சியிலும், தாங்கள் கணக்கிட்ட பறத்தலைக் கண்ணால் பார்ப்பதற்கு இதே மென்பொருளைத்தான் இணைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊரில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. எல்காட் நிறுவிய தகவல் தொழில்நுட்ப வளாகமும் இருக்கிறது. வேலை வெளியிலிருந்து வரும், வந்தபின் நாம் செய்வோம் என்று காத்திருக்கும் மனப்பான்மையும் கூடவே இருக்கிறது. நிரல் எழுதுபவன் மட்டுமே படைப்பாளி என்ற நம்பிக்கை அந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டுகிறது. இன்றைக்குச் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. வடக்கே கயத்தாற்றில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அதைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் இடத்தையும் உயரத்தையும் சரியாகக் குறித்து நிலக்காட்சியில் சேர்ப்பது, வாகைக்குளத்து வரியைச் சரிபார்ப்பது, தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் பறக்கும் முதற்பாடத்தைப் படிப்படியாகத் தமிழில் எழுதுவது ஆகிய இம்மூன்றும் கங்கைகொண்டானில் உட்கார்ந்து, ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் தொடங்கக்கூடியவை. வேறெங்கோ உள்ளவரைக் காட்டிலும் நாமே நன்றாகச் செய்யக்கூடியவையும் இவையே.

அந்த நோட்டு இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூத்த மாணவரின் சொல்லைக் கேட்டுப் பையன் சில நாள் அதைத் தொடவில்லை. சென்ற வாரம் புரட்டிப் பார்த்தேன். 'வேகம் கூடும்போது வலக்கால் மிதியை அழுத்துக' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவன் கையெழுத்தில், 'வலக்கால் மிதியை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துக. மூக்கு நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே அழுத்துக. மிதி இல்லாதவர்கள் எண்பலகையில் உள்ள என்டர் விசையைத் தட்டுக' என்று திருத்தியிருந்தான். பக்கத்தில் தேதியும் போட்டிருந்தான். அவன் எழுதியதே சரி. அதன்படி நானும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். விமானம் நடுக்கோட்டிலேயே ஓடி மேலெழுந்தது.